பம்புசெட்டில் எத்தனை சிலபிள்?

ஆங்கிலச் சொல்லைச் சிலபிளாக, அதாவது ஆளுக்கு ஓர் உயிரொலி உள்ள ஒலித்துண்டுகளாகப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் எண்ணுவது எழுத்துகளை. அங்கேயே தப்பு. 'ரைஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஐ, ஈ என இரண்டு உயிரெழுத்து வரும். கடைசி ஈ வாயே திறக்காது, அதனால் ஒரே சிலபிள்தான். எண்ண வேண்டியது உயிரொலியை.

சரி, காதால் எண்ணலாம் என்றால் நம் காதும் காலை வாரும். டெல்டா வயல்களில் ஓடுகிற பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்வது பம்-பு-செட்-டு, நான்கு. ஆங்கிலத்தில் பம்ப்-செட், இரண்டே. பேச்சுத் தமிழ் இரவல் சொல்லின் வாலில் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். பஸ் பஸ்ஸு ஆகும், ரைஸ் மில் ரைஸு மில்லு ஆகும். ஸ்கூல் இஸ்கூல் ஆவது தலைப்பக்கம் நடக்கும் அதே வேலை. ஊரில் பம்புசெட்டு என்றே பேசுங்கள், ஒரு குறையும் இல்லை. விடைத்தாளில் மட்டும் அந்த உகரங்களைக் கழற்றிவிட்டு எண்ணுங்கள்.

தமிழ் இலக்கணத்தில் கெட்டியான பிள்ளைகள் வேறு இடத்தில் சறுக்குவார்கள். சிலபிள் என்றால் அசை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உடனே நேர், நிரை பார்த்துக் காவிரியை கா/விரி என இரண்டாக்குவார்கள். கூவிளம், வாய்பாடு சரிதான். ஆனால் நிரையசைக்குள் இரண்டு உயிர் இருக்கிறதே! ஆங்கிலக் கணக்கில் கா-வி-ரி, மூன்று.

ஆங்கில வினையின் கடைசியில் சேரும் இறந்தகாலத்து 'ஈடி'யும் (-ed) ஏமாற்றும். உழுததைச் சொல்லும் 'ப்ளவ்ட்' ஒரு சிலபிள், நட்டதைச் சொல்லும் 'பிளான்டெட்' இரண்டு. வினை ட் ஒலியில் முடிந்தால் மட்டுமே ஒன்று கூடும். ஆங்கிலத்தின் வலிய ட் (t), மெலிய ட் (d) இரண்டும் இதில் அடக்கம்.

அப்புறம், ஒலிப் பிரிப்பையும் சொல்லமைப்பையும் போட்டுக் குழப்புவது. பெரிய தப்பு இதுதான் என்பேன். 'ஃபார்மர்' வாயில் ஃபார்-மர் என்று பிரியும். அமைப்பில் அது ஃபார்ம் + அர். முன்னது பகுதி, பின்னது செய்பவரைக் காட்டும் விகுதி. உழவு + அர் என்று பிரிக்கிறோமே, அப்படி. நடுவில் உள்ள மகரம் ஒலியில் பின்துண்டோடு போகும், அமைப்பில் முன்துண்டோடு நிற்கும். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள்.

வரிக் கடைசியில் சொல்லை உடைப்பதற்குப் பொதுவாக பிரிட்டிஷ் வழக்கம் அமைப்பின் பக்கமும் அமெரிக்க வழக்கம் ஒலிப்பின் பக்கமும் சாயும். ஒரே சிலபிள் உள்ள சொல்லை இரண்டு பேருமே உடைப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் முழுச்சொல்லையும் அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதற்கு யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.