விண்நடைக்குத் திட்டம் போடுவது எப்படி: 1965, 1966 கற்றுத்தந்தவை

மாணவர் போட்டிக்கோ கணினிப் பாவனைக்கோ, கலத்துக்கு வெளியே விண்வெளியில் வேலை செய்யும் விண்நடைக்குத் திட்டம் வரைபவர்கள் பெரும்பாலும் வேலைப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். முதலில் விண்வெளி உடையின் அழுத்தத்தை முடிவு செய்யுங்கள், அடுத்து உடலை எங்கே கட்டுவது என்று பாருங்கள். வேலை அதற்குப் பிறகு.

உடைக்குள் அழுத்தம் கூடினால் துணி விறைக்கும். விரலை மடக்குவதே உழைப்பாகிவிடும். குறைத்தால் அசைவது எளிது, ஆனால் ரத்தத்தில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாகும் ஆபத்து உண்டு. கேபினில் சாதாரணக் காற்று இருந்தால், வெளியேறும் முன் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் நேரத்தைத் திட்டத்தில் கட்டாயம் சேருங்கள். அமெரிக்காவின் இருவர் பயணிக்கும் ஜெமினி கலத்தின் கேபினில் முன்பே குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் இருந்ததால் அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை.

1965 மார்ச் 18 அன்று சோவியத் கலமான வாஸ்காட்-2லிருந்து வெளியே வந்த விண்வெளி வீரர் அலெக்சி லியோனோவ் மிதந்தது 12 நிமிடம்தான். அதற்குள் வெற்றிடத்தில் உடை உப்பி, விரல்கள் கையுறை நுனியை எட்டவில்லை. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 0.4 பங்காக இருந்த உடை அழுத்தத்தைக் கிட்டத்தட்ட 0.27க்கு இறக்கினார். கால் முதலில் நுழைய வேண்டியவர் தலை முதலில் நுழைந்து, கேபினுக்கும் வெற்றிடத்துக்கும் இடையிலுள்ள, 1 மீட்டர் உள்விட்டமுள்ள காற்றடைப்பு அறைக்குள்ளேயே உடலைத் திருப்ப வேண்டியதாயிற்று. ஆகவே அழுத்தம் குறைக்கும் வால்வு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நுழைவாயிலின் அகலத்தை, உப்பிய உடையோடு ஓர் ஆள் திரும்பும் அளவுக்கு வையுங்கள்.

இனி பிடிமானம். எடையின்மையில் நீங்கள் ஒரு திருகைத் திருப்பினால், திருகு உங்களைத் திருப்பும். கால் ஊன்றாதவரை உடலை நிலைநிறுத்துவதற்கே ஒரு கை போய்விடும். விறைத்த உடையை எதிர்த்துத் தசைகள் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். 1966 ஜூனில் ஜெமினி-9ஏ பயணத்தில் யூஜீன் செர்னனுக்கு நேர்ந்தது இதுதான். கலத்தின் பின்புறத்தில் இருந்த உந்து சாதனத்தை முதுகில் மாட்டிக்கொள்வதற்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியது. அந்த உடையைக் குளிர்வித்தது வாயு ஓட்டம் மட்டுமே. வியர்வையின் ஈரத்தை அதனால் அகற்ற முடியாமல் முகக்கண்ணாடி பனித்தது. மூக்கால் தேய்த்துச் சிறு இடைவெளி உண்டாக்கித்தான் அவர் பார்க்க முடிந்தது. சாதனச் சோதனை கைவிடப்பட்டது. கண்ணாடியில் பனிப்புத் தடுப்புப் பூச்சைப் பூசுவது அடுத்த பயணங்களில் சேர்ந்தது. அது உதவும், ஆனால் அடிப்படைக் காரணம் பிடிமானமின்மை. செப்டம்பரில் ஜெமினி-11ல் ரிச்சர்ட் கார்டன், முன்னால் இணைந்திருந்த ஏஜெனா என்ற ஆளில்லா கலத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்து ஜெமினியின் மூக்கில் கட்டப் போனார். கால்களால் மூக்கைக் கவ்விக்கொண்டே கட்ட வேண்டியிருந்தது. வியர்வை கண்ணில் இறங்க, 107 நிமிடத் திட்டம் 33 நிமிடத்தில் முடிந்தது.

நவம்பரில் ஜெமினி-12 இதை மாற்றியது. பஸ் ஆல்ட்ரினுக்குக் காலை நுழைத்துப் பூட்டும் மிதியடிகள், இடுப்பில் இரண்டு குட்டைக் கயிறுகள், கூடுதல் கைப்பிடிகள் கிடைத்தன. உங்கள் திட்டத்திலும் ஒவ்வொரு வேலை இடத்துக்கும் இந்த மூன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். இரு இடங்களுக்கு நடுவே கை எட்டும் தூரத்தில் பிடி இருக்க வேண்டும். வேலைகளுக்கு இடையே 2 நிமிட ஓய்வை அட்டவணையிலேயே எழுதுங்கள். களைத்த பிறகு ஓய்வு கொடுப்பதால் பயனில்லை. தேங்கிய வெப்பம் அவ்வளவு விரைவில் இறங்காது.

ஒத்திகையை நீருக்கடியில் நடத்துங்கள். பரவளையப் பாதையில், அதாவது வளைவாக ஏறி இறங்கிப் பறக்கும் விமானத்தில் எடையின்மை ஒரு முறைக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு; அடுத்த சுற்றுக்குள் உடல் இளைப்பாறிவிடுவதால் களைப்பு வெளியே தெரியாது. ஆல்ட்ரின் நீச்சல்குளத்தில் முழு வரிசையையும் இடைவிடாமல் பழகினார். ஒரே எச்சரிக்கை: நீர் அசைவைத் தடுக்கும், ஆகவே மிதந்து விலகும் வேகம் குளத்தில் குறைவாகத் தெரியும்.

கடைசியில் கதவு. 1965 ஜூனில் ஜெமினி-4 கதவைத் திறப்பதும் மூடுவதும் சிரமமாகி, எட் ஒயிட்டும் ஜேம்ஸ் மெக்டிவிட்டும் சேர்ந்துதான் அடைத்தார்கள். தேவையற்ற பொருள்களை வெளியே எறிய மறுபடி திறக்கும் திட்டமும் கைவிடப்பட்டது. எனவே உள்ளே வந்து கதவைப் பூட்டுவதை முழு அழுத்த உடையோடு, களைத்த கைகளோடு தனியாக ஒத்திகை பாருங்கள். அதற்கென ஆக்சிஜனில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த அளவு எட்டியதும் வேலை பாதியில் இருந்தாலும் திரும்பச் சொல்லுங்கள்.