சோறு தின்கிற ஊரில் சீலியாக்: வெளியே சாப்பிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

என் மகளுக்குச் சீலியாக், அதாவது கோதுமை போன்ற தானியங்கள் ஆகாத குடல் நோய், என்று உறுதியானபோது அவளுக்கு ஒன்பது வயது. வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஆறுதல் இன்னும் காதில் இருக்கிறது. "இதுக்கா இம்புட்டுக் கவலை? நாம சோறு திங்கிற ஆளுவதானே. சப்பாத்தியை விட்டாப் போச்சு."

நானும் நம்பினேன். வீட்டில் கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் ஒழித்தோம். வெளியே போனால் இட்லி, தோசை, சாம்பார் சாதம் மட்டும்தான். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால், நோயைக் காட்டுகிற எண் இறங்கியிருக்க வேண்டும், இறங்கவே இல்லை. டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தத் தோசையை எந்தக் கல்லில் ஊற்றுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா?"

அன்று மாலையே பாளையங்கோட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடைக்குப் போய்க் கல் பக்கத்தில் நின்றேன். பெரிய கல். வலது பாதியில் புரோட்டா வெந்துகொண்டிருந்தது, இடது பாதி தோசைக்கு. மாஸ்டர் புரோட்டாவைப் புரட்டிய அதே தோசைத்திருப்பியால் தோசையின் ஓரத்தைக் கிளப்பினார். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஈர்க்குத் துடைப்பத்தால் கல் முழுவதையும் ஒரே வீச்சில் கூட்டினார். அந்தத் துடைப்பத்தின் நுனியில் மைதா வெள்ளையாகக் காய்ந்து அப்பியிருந்தது. அப்புறம் அதே இடத்தில் அடுத்த தோசை மாவு. ஆறு மாதமாக என் பிள்ளை அதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், சீலியாக் உள்ளவர்களுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இரும்புச் சத்து ஏறாது, பிள்ளை வளராது. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவதுதான் வைத்தியம். நெதர்லாந்தில் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதைக் கவனித்தவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர். கோதுமைதான் காரணம் என்று அவர் தன் ஆய்வேட்டில் எழுதியது 1950-ல்.

எவ்வளவு போனால் கெடுதல்? நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் தொடர்ந்து போனாலே குடல் கெடுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு புரோட்டாவுக்கு 60 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால், அதில் குளூட்டன் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். 50 மில்லிகிராம் என்பது அந்தப் புரோட்டாவில் நூற்றில் ஒரு பங்கு. கல்லில் ஒட்டிய துணுக்கே போதும். "கல் சூட்டில் எல்லாம் எரிஞ்சு போயிரும்" என்பார்கள். கிருமிதான் சூட்டில் சாகும், குளூட்டன் போகாது. கொதிக்கிற எண்ணெயிலும் போகாது. அதனால்தான் மைதா போண்டாவும் சமோசாவும் பொரித்த சட்டியில் போட்ட உளுந்தவடையும் ஆகாது.

ஒன்றும் செய்யவில்லையே என்று நம்புவது

அடிக்கடி பார்க்கிற தவறு இது. "போன வாரம் அந்தக் கடையில்தான் சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை." நிலக்கடலை, இறால் போன்றவற்றுக்கு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். சீலியாக் அப்படியில்லை. வயிற்றுவலி வரலாம், வராமலும் போகலாம். குடல் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். வலி இல்லாததை வைத்து ஒரு கடையை நல்ல கடை என்று முடிவுகட்டக் கூடாது.

இதை ஒட்டி இன்னொன்று. சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிட்டு அப்புறம் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லும்.

பெருங்காயத்தை மறந்துபோவது

கல்லை விட இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. சுத்தமான பெருங்காயம் அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்கு நெடியுள்ளது. அதனால் பிசினும் மாவும் சேர்த்துக் கூட்டுப்பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு அல்லது மைதா. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும்.

ஒரு கடையில் கேட்டேன்: "அண்ணாச்சி, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுதீய?"

"கட்டிதாம்மா. பொடியெல்லாம் நம்ம கடையில கிடையாது. சுத்தமான சரக்கு."

பெருமையாகத்தான் சொன்னார். டப்பாவைக் காட்டச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அதிலும் மாவு இருந்தது. கட்டி என்றால் சுத்தம் என்று அத்தனை வருடம் அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன்.

சாம்பார், ரசம், புளியோதரை, கூட்டாஞ்சோறு, சட்னித் தாளிப்பு, ஊறுகாய் என்று நம் சாப்பாட்டில் பெருங்காயம் இல்லாத இடம் குறைவு. ஒரு சிட்டிகையில் மாவு எவ்வளவு இருக்கப்போகிறது என்று கேட்கலாம். மூன்று வேளையும் அந்தச் சிட்டிகை போகிறது என்பதுதான் கவலை. வெளியூர் போகும்போது நாங்கள் பழகிக்கொண்டது இதுதான்: ஆவியில் வெந்த இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி. மதியம் என்றால் வெள்ளைச் சோறும் தயிரும், தாளிப்பில் பெருங்காயம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பொரியலும். அப்பளம் வேண்டாம், சில அப்பளங்களில் மைதா கலப்பு உண்டு.

அல்வாவில் கோதுமையா?

திருநெல்வேலிக்காரர்களே இப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் வருத்தம். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுவதுதான் நம்ம ஊர் அல்வா. கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போவதால் அது கோதுமைப் பண்டம் என்பதே மறந்துவிடுகிறது. "சக்கையைத் தள்ளிட்டுப் பாலைத்தானே எடுக்கோம்" என்று ஒரு பெரியம்மா எங்களிடம் வாதாடினார். சக்கையோடு கொஞ்சம் போகும், ஆனால் பாலிலும் குளூட்டன் இறங்கத்தான் செய்யும். சீலியாக் உள்ளவருக்கு ஒரு துண்டுகூடக் கூடாது. விருந்தாளியாக வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு அல்வாப் பொட்டலம் இருக்கிற ஊரில் இதைப் பிள்ளைக்குச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்தது. செய்முறையில் கோதுமை இல்லை, ஆனால் கேக்கும் ரொட்டியும் அடுக்கியிருக்கும் பேக்கரியில் அதை எப்படி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். முந்திரி அல்லது முட்டை ஆகாதவர்களுக்கு அது நேரடி ஆபத்து. அப்புறம், டீக்கடையில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும் உண்டு. பாஸ்ட் புட் கடையில் நூடுல்ஸ் வறுத்த சட்டியில்தான் பிரைடு ரைஸும் வரும், சோயா சாஸும் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே செய்யப்படுகிறது. கோவிலில் ரவா கேசரி, கத்தோலிக்கத் தேவாலயத்தில் நற்கருணை அப்பம், இரண்டும் கோதுமைதான். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொன்னால் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ள வழி உண்டு.

"ஒத்துக்காது" என்று சொல்வது

நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புவது இதைத்தான். நாம் கேட்கிற கேள்வி தப்பாக இருக்கிறது.

"இவனுக்கு முந்திரி ஒத்துக்காது" என்று சொன்னால் நம் ஊரில் எப்படிக் கேட்கும்? கத்திரிக்காய் தின்றால் அரிப்பு, தயிர் குடித்தால் சளி, அந்த மாதிரி. அதனால் சமையல்காரர் நல்ல மனதோடு பொங்கலில் கிடக்கிற முந்திரியைப் பொறுக்கிவிட்டுத் தருவார். "இது துளி உள்ள போனாலும் மூச்சு அடைச்சு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்" என்று சொல்லுங்கள். அப்போதுதான் கரண்டி மாறும். குளூட்டன் என்ற வார்த்தையும் வேண்டாம். மைதா, ரவை, கோதுமை, சேமியா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரவை கோதுமையிலிருந்து வருவது பல பேருக்குத் தெரியாது.

"குருமாவில கடலை இல்லல்ல?" என்று கேட்டால் "இல்லம்மா" என்றுதான் பதில் வரும். கூட்டமான நேரத்தில் நாம் எதிர்பார்க்கிற பதிலையே சப்ளையர் தருவார். "குருமாவுக்கு என்னென்ன அரைச்சு ஊத்துதீய?" என்று கேளுங்கள், பட்டியல் தானாக வரும். அதையும் சப்ளையரிடம் கேட்காமல் அரைத்தவரிடம் கேளுங்கள். கடை நிரம்புகிற எட்டு மணிக்குக் கேட்காமல் ஆறு மணிக்குப் போங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். 2020-ல் வந்த விதிகளின்படி பொட்டலத்தில் விற்கும் உணவின் உறையில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட வேண்டும். உணவகங்களில், மத்திய உரிமம் பெற்றவையும் 10 கிளைக்குக் குறையாதவையும்தான் அந்த விவரத்தைத் தர வேண்டும். நாம் சாப்பிடுகிற தெருமுனைக் கடை அதில் வராது.

கல்யாண வீட்டில் சமையல் செய்கிற தவசுப்பிள்ளையை நேரில் பாருங்கள். மறுவீட்டுச் சொதி எங்களுக்குப் பெரிய நிம்மதி: தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, காய்கறி, எலுமிச்சைச் சாறு. தாளிப்பையும், கெட்டியாக வர என்ன சேர்க்கிறார்கள் என்பதையும் மட்டும் கேட்டுக்கொண்டு, பந்தி தொடங்குமுன் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவோம். பந்தி ஓடத் தொடங்கினால் சேமியாப் பாயசக் கரண்டி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவில் மாத்திரையை நம்புவது

என் தம்பி மகனுக்கு நிலக்கடலை ஆகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கண்ணுக்குத் தெரிவதால் அவன் தொட மாட்டான். மாட்டிக்கொண்டது வெள்ளைச் சட்னியில். குற்றால சீசனில் வழியில் ஒரு கடை. பொட்டுக்கடலைச் சட்னி என்று நினைத்தோம், அன்றைக்கு நிலக்கடலை சேர்த்து அரைத்திருந்தார்கள். இரண்டு வாயில் உதடு தடித்தது. வாந்தி வருகிறது என்று தனியாக எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டான். நல்லவேளை, என் தம்பி பின்னாலேயே போனான். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குக் குரல் கரகரத்து, மூச்சில் விசில் சத்தம் வந்தது.

பக்கத்து மேஜையில் ஒருவர் அவில் மாத்திரை கொடுத்தார். அரிப்புக்கும் தடிப்புக்கும் அது கேட்கும், மூச்சுக்குழாய் அடைப்பதையும் ரத்த அழுத்தம் விழுவதையும் நிறுத்தாது. அதற்கு அட்ரினலின் ஊசி ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்க நடுவில், தாமதிக்காமல். பேனா வடிவில் வருகிற ஊசி நம்ம ஊர் மருந்துக்கடையில் எளிதில் கிடைக்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துக் குப்பியும், அளவு குறித்த ஊசியும், போடும் முறையைச் சொல்லிக்கொடுத்த கையும் கூடவே இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது. போட்டுவிட்டு 108-ஐ அழைத்தோம்.

அப்படிப்பட்டவரை நடக்கவிடாதீர்கள், எழுப்பி நிறுத்தாதீர்கள், பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் இருக்கத்தான் வேண்டும், இரண்டாவது முறை திரும்ப வரக்கூடும்.

எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல், இட்லிப் பொடியில் எள், அதன்மேல் நல்லெண்ணெய். கடலை எண்ணெயில் நன்றாகச் சுத்திகரித்ததில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று செக்கெண்ணெய்க்கு மாறிய கடைகள் இப்போது நிறைய.

இத்தனையும் சொன்னால், வெளியே கூட்டிப்போகாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். ஒரு வருடம் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். கூடப் படிக்கிற பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அவள் போகவில்லை. அதுவும் தப்புதான், பெரிய தப்பு. இப்போது வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சின்ன இரும்புக் கல் ஒன்றும் ஒரு தோசைத்திருப்பியும் வாங்கிக் கொடுத்து வைத்திருக்கிறோம். அண்ணாச்சி அதைத் துணிப்பையில் சுற்றி மேல் தட்டில் வைத்திருப்பார். சனிக்கிழமை காலையில் அவளைக் கண்டதும் தனி அடுப்பில் ஏற்றுவார். முறுகலுக்காக மாவில் ரவை சேர்க்கிற நாளும் உண்டு என்பதால், கல் காய்வதற்குள் அவளே போய்க் கேட்டுவிடுவாள்.

"மாமா, இன்னைக்கு மாவுல ரவை போட்டிருக்கா?"

"உனக்குத் தனியா எடுத்து வச்சாச்சு தாயி. உக்காரு."