பட்டைகளை நம்பி வாக்களித்த கதையும் வேறு சில பிழைகளும்

பிரித்தானியாவில் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டதும் எங்கள் தமிழ்ப் பள்ளியின் மண்டபத்தில், சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பிறகு, முதன்முறையாக வாக்களிக்கப்போகும் சிலரோடு அமர்ந்து பேசுவது என் வழக்கம். இலங்கை, இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர்களும், பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், இங்கே தங்கும் அனுமதி இருந்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம் என்பதே பலருக்கு அங்கேதான் தெரியவருகிறது. பெயரைப் பதிவு செய்வது, புகைப்பட அடையாளம் கொண்டுபோவது, ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் குறியிடுவது ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பதிவு செய்தபின் வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டையும் பிறகு வாக்குச்சீட்டுமே மற்றவற்றைச் சொல்லிவிடும். யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்கும்போது நிகழும் பிழைகளே என் கவலை. அவற்றில் பெரும்பாலானவற்றை நானும் செய்திருக்கிறேன்.

துண்டுப்பிரசுரத்தின் பட்டைகளை நம்புவது

பிரித்தானியாவில் 650 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெல்வார். பாதிக்கு மேல் பெற வேண்டிய கட்டாயமோ இரண்டாம் சுற்றோ விருப்பு வாக்கோ கிடையாது. 2024இல் தொழிற்கட்சி நாடு முழுவதும் ஏறத்தாழ 34 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 411 இடங்களைப் பிடித்தது. 14 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற ரிஃபார்ம் யூகே கட்சிக்கு 5 இடங்களே கிடைத்தன. இப்படிப்பட்ட முறையில், தனக்குப் பிடித்த வேட்பாளரை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தோற்கடிக்கக்கூடிய இன்னொருவருக்கு வாக்களிக்கும் எண்ணம் எழுவது இயல்புதான். டாக்டிக்கல் வோட்டிங் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தோற்கடிக்கக்கூடியவர் யார் என்பதை அவருடைய துண்டுப்பிரசுரத்தையே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் தவறு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு தொகுதியில் வாடகை வீட்டில் இருந்தபோது, கதவின் தபால் துவாரம் வழியாக ஒரு பிரசுரம் வந்து விழுந்தது. ஒவ்வொரு கட்சியின் வாக்குப் பலத்தையும் காட்டுவதாக மூன்று வண்ணப் பட்டைகள் வரைந்திருந்தார்கள். பதவியிலிருந்த உறுப்பினரின் பட்டை உயரமாகவும், பிரசுரம் அனுப்பியவரின் பட்டை அதற்கு மயிரிழை தாழ்வாகவும், நான் வாக்களிக்க நினைத்திருந்த கட்சியின் பட்டை தரையோடு தரையாகவும் இருந்தன. 'அவர்களால் இங்கே வெல்ல முடியாது' என்று மேலே கொட்டை எழுத்து. பதவியிலிருந்தவரை எப்படியாவது அகற்றியாக வேண்டும் என்றிருந்த நான், மனத்தைத் தேற்றிக்கொண்டு பிரசுரம் சொன்னபடியே வாக்களித்தேன். போதாக்குறைக்கு என் மனைவியையும் மேல்மாடியில் குடியிருந்த அண்ணரையும் இணங்கவைத்தேன். மறுநாள் காலையில் முடிவு வந்தது. நான் கைவிட்ட கட்சி சில நூறு வாக்குகளில் தோற்று இரண்டாம் இடத்தில் நின்றது. பிரசுரக்காரர் வெகுதொலைவில் மூன்றாவது.

அந்தப் பிரசுரத்தைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடிப்பகுதியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், அந்தப் பட்டைகள் தொகுதிக்குள் அடங்கிய ஒரேயொரு வட்டாரத்தின் உள்ளூராட்சித் தேர்தல் முடிவு என்று அச்சிட்டிருந்தார்கள். சட்டப்படி பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை எரிச்சல் தீரவில்லை. அண்ணர் அதன்பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும், 'இம்முறை யாருக்குப் போடக் கூடாது, தம்பி?' என்று என்னைக் கேட்பார்.

இந்தக் கைவேலையில் பல வகைகள் உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க வருவோரின் எண்ணிக்கை மிகக் குறைவு; அதே மக்கள் பொதுத்தேர்தலில் வேறு கட்சியைத் தேர்ந்தெடுப்பதும் வழக்கம். ஆகவே அந்த முடிவை இங்கே ஒட்டவைக்க முடியாது. நாடளாவிய கருத்துக்கணிப்பின் எண்களைத் தொகுதியின் பெயருக்குக் கீழே போட்டுவிடுவது இன்னொரு வகை. 'இன்னாரால் இங்கே வெல்ல முடியும் என்றால் அவருக்கு வாக்களிப்பீர்களா' என்று கேட்டுப் பெற்ற பதிலை, வாக்களிக்கப்போவதாகவே காட்டுவது மூன்றாவது வகை. பட்டையின் உயரமும் அதன்மேல் எழுதிய எண்ணும் பொருந்தாமல் இருப்பதை அடிமட்டம் வைத்து அளந்தே கண்டுபிடிக்கலாம். எல்லாக் கட்சிகளும் இதைச் செய்கின்றன; லிபரல் டெமாக்ரட் கட்சியின் பட்டைகள் நாட்டின் நிலையான நகைச்சுவையாகவே ஆகிவிட்டன.

சரியான வழி எளிது. உங்கள் தொகுதியில் கடைசியாக நடந்த பொதுத்தேர்தல் முடிவை, இடைத்தேர்தல் வந்திருந்தால் அதையும் சேர்த்து, நீங்களே எடுத்துப் பாருங்கள். கென்சிங்டன் தொகுதியில் 2017இல் தொழிற்கட்சி 20 வாக்குகளில் வென்றிருந்தது. 2019இல் அதே கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியிடம் 150 வாக்குகளில் தோற்றது. லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் 9,312 வாக்குகளோடு மூன்றாவதாக வந்தார். அந்த 9,312 பேரில் மனமார விரும்பி வாக்களித்தவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கன்சர்வேட்டிவ் கட்சியைத் தடுப்பது ஒன்றே நோக்கமாக இருந்தவர்கள், முந்தைய முடிவை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: 2024 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டதால், அதற்கு முந்தைய எண்கள் உங்கள் தெருவுக்குப் பொருந்தாமல் போகலாம். இப்போதைய எல்லைகளில் நடந்த பொதுத்தேர்தல் 2024 ஒன்றுதான்.

'இது அவர்களின் கோட்டை' என்று வீட்டில் இருந்துவிடுவது

தென்மேற்கு நோர்ஃபோக் தொகுதியில் 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் லிஸ் டிரஸ் 26,195 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். 2024இல், இடையில் பிரதமராகவும் இருந்துவிட்ட அவர், 630 வாக்குகளில் தோற்றார். வென்றவர் பெற்றது மொத்த வாக்கில் ஏறத்தாழ 27 விழுக்காடு மட்டுமே. அதே இரவில் ஹெண்டன் தொகுதியைத் தீர்மானித்தவை 15 வாக்குகள். ஒரு பேருந்தின் கீழ்த்தட்டில் அதைவிடக் கூடுதலானோர் நிற்கிறார்கள்.

பிரதமரைத் தேர்ந்தெடுப்பதாக நினைப்பது

வாக்குச்சீட்டில் பிரதமரின் பெயர் அவருடைய சொந்தத் தொகுதியில் மட்டுமே இருக்கும். 2019இல் போரிஸ் ஜோன்சனைப் பார்த்து வாக்களித்தவர்களுக்கு, இடையில் ஒரு பொதுத்தேர்தலும் இல்லாமலே, லிஸ் டிரஸும் பின்னர் ரிஷி சுனக்கும் வந்து சேர்ந்தார்கள். தலைவர் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன்; அவர் மாறினாலும் நீங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய கட்சியா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குப்பைத் தொட்டிக் கோபம்

குப்பை அள்ளுவது உள்ளூர்க் கவுன்சிலின் வேலை, நாடாளுமன்ற உறுப்பினருடையதல்ல. ஸ்காட்லாந்தில் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்கூட எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில்தான் தீர்மானிக்கப்படுகின்றன.

பொன்னாடை போர்த்தப்பட்டவருக்கே என் வாக்கு

தேர்த் திருவிழாவுக்கு வந்து, வணக்கம் சொல்லி, பொன்னாடை வாங்கிக்கொண்டு போன வேட்பாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான வாக்கெடுப்புகளில் உறுப்பினர்கள் கட்சிக் கொறடாவின் சொற்படியே நடப்பார்கள். ஆகவே கட்சியின் தேர்தல் அறிக்கையைப் படிக்காமல் ஆளை மட்டும் பார்ப்பது அரைக் கணக்கு. வரி, செலவு பற்றிய வாக்குறுதிகளை, கட்சி சார்பற்ற ஆய்வு அமைப்பான நிதி ஆய்வுக் கழகம் (Institute for Fiscal Studies) அலசி வெளியிடும் மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையைப் படியுங்கள். ஆளைப் பார்க்கவேண்டிய இடமும் உண்டு. இறக்கும் தறுவாயில் இருப்பவர் தம் உயிரை முடித்துக்கொள்ள உதவி பெறுவது பற்றிய மசோதா 2024 நவம்பரில் வந்தபோது, கொறடா உத்தரவு இல்லாமல், ஒவ்வொருவரும் மனச்சாட்சிப்படி வாக்களித்தார்கள். முடிவு 330க்கு 275. அத்தகைய கேள்விகளில் உங்கள் வேட்பாளர் எங்கே நிற்கிறார் என்பதைத் தேர்தலுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்கலாம். பொன்னாடை வாங்கியவர் பதில் எழுதுவாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சீட்டைக் கெடுத்து எதிர்ப்பைக் காட்டுவது

நிராகரிக்கப்பட்ட சீட்டுகளோடு எண்ணுவார்கள். அவ்வளவுதான்.

அஞ்சல் வாக்கு வந்த அன்றே முடிவெடுப்பது

2024 பிப்ரவரியில் ரோச்டேல் இடைத்தேர்தலில், வேட்புமனுக் காலம் முடிந்த பிறகு, தொழிற்கட்சி தன் சொந்த வேட்பாளருக்கான ஆதரவைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் வாக்குச்சீட்டில் அவர் பெயரும் அருகே கட்சியின் பெயரும் அப்படியே இருந்தன. அஞ்சலில் சேர்த்துவிட்ட வாக்கை யாராலும் மாற்ற முடியாது. நான் என் உறையைத் திறக்காமல் சமையலறை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, கடைசி வாரம் வரை பொறுத்திருப்பேன். ஒருமுறை அப்படியே மறந்துபோய், வாக்களிப்பு நாளன்று இரவு ஒன்பதரை மணிக்கு, வாக்குச்சாவடி பத்து மணிக்கு மூடுமே என்று செருப்போடு ஓடிக் கையில் கொடுத்தேன். இப்போது அப்படிக் கொடுப்பவர் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். அதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.