தேர் நகரும்போது விசை எங்கே? இயந்திரவியல் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பி.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்கும் மாலையில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். கணக்கை வாசித்து முடிப்பதற்குள் அவர்கள் கை சூத்திரத்தைத் தேடிப் போய்விடும். எந்தப் பொருளைப் பற்றிய கணக்கு, அதை எது தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று பார்க்கமாட்டார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் நேராக, ஒரே வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிகர விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் மிஞ்சுவது, எவ்வளவு என்று கேட்டால், "தேர் நகருதுல்லா சார், அப்போ முன்பக்கம் விசை கூடத்தான இருக்கணும்?" என்பார்கள். வேகமும் மாறவில்லை, திசையும் மாறவில்லை. ஆகவே முடுக்கம் சுழி, நிகர விசையும் சுழி. வடத்தின் இழுவிசையும் எதிர்ப்பக்கத் தடையும் சமமாக இருக்கின்றன. இது பிடிபடாதவரை, பொருள்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படத்தில் 'இயக்க விசை' என்று இல்லாத அம்புக்குறி ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் அம்புக்கும் "இதைக் கொடுப்பது எது?" என்று கேளுங்கள். வடம், தரை, புவி என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். வராவிட்டால் அம்பை அழித்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் இதே தேரில் தீரும். வடம் தேரை இழுக்கிறது, தேரும் அதே அளவு வடத்தை இழுக்கிறது. இரண்டையும் தேரின் படத்திலேயே போட்டால், ஒன்றையொன்று நீக்கித் தேர் என்றைக்கும் நிலையைவிட்டுக் கிளம்பாது. தேரின் படத்தில் தேர்மேல் செயல்படும் விசைகள் மட்டும் இருக்க வேண்டும். தேர் வடத்தை இழுப்பது வடத்தின் படத்துக்கு உரியது.

விசை இருந்தால் முடுக்கம் உண்டு என்று அவசரப்படுவதும் தவறு. நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ இன்ஜின்களைச் சோதிக்கிறது. அங்கே சோதிக்கப்படும் சி.இ.-20 கிரையோஜெனிக் இன்ஜின் வெற்றிடத்தில் சுமார் 200 கிலோநியூட்டன் தள்ளுவிசை தரக்கூடியது. ஆனால் சோதனை மேடையில் பூட்டியிருக்கும்போது அது நகராது, ஏனென்றால் தள்ளுவிசைக்குச் சமமாக மேடை எதிர்த்துத் தள்ளுகிறது. விசை = நிறை × முடுக்கம் என்ற நியூட்டனின் இரண்டாம் விதியில் வருவது நிகர விசை.

உராய்விலும் ஒரு பழக்கம் உண்டு. தரையில் 10 கிலோ கருப்பட்டிப் பெட்டி, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, கிடையாக 20 நியூட்டன் விசையில் இழுக்கிறோம். புவிஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொண்டு, 0.5 × 10 × 10, ஆகவே உராய்வு 50 நியூட்டன் என்று எழுதிவிடுவார்கள். அது உண்மையானால் பெட்டி இழுப்பவரை விட்டுப் பின்னால் ஓட வேண்டும்! 50 என்பது பெட்டி நகராமல் இருக்கும்வரை உராய்வு எட்டக்கூடிய உச்சவரம்பு. இங்கே உராய்வு 20 நியூட்டன்தான். தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்பதும் இப்படித்தான்: கயிற்றைச் சாய்வாக மேல்நோக்கி இழுத்தால் அது குறைந்துவிடும்.

அலகு பற்றி ஒன்றே ஒன்று. மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் பஸ்ஸுக்கு பிரேக் போட்டால் எதிர்முடுக்கம் 5 மீ/வி². எவ்வளவு தூரத்தில் நிற்கும்? விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிப் போட்டால் 40 மீட்டரில் நிற்கும். 72-ஐ அப்படியே போட்டால் 518 மீட்டர் வரும். வண்ணாரப்பேட்டையில் பிரேக் மிதித்த பஸ் அரைக் கிலோமீட்டர் தாண்டி நிற்குமா என்று ஒரு கணம் யோசித்தால் தவறு தானே தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது குறித் தவறு. கிணற்று விளிம்பிலிருந்து கல்லை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். தண்ணீர் 10 மீட்டர் கீழே. காற்றுத் தடையை விட்டுவிடுவோம். எப்போது தண்ணீரில் விழும்? பலர் 10 = 5 × நேரம் + 5 × நேரம்² என்று எழுதி 1 விநாடி என்பார்கள். அது கல்லைக் கீழ்நோக்கி எறிந்தால் வரும் விடை! மேல்நோக்கியதை நேர்க்குறி என்று முதலிலேயே எழுதிவைத்தால், இடப்பெயர்ச்சி −10, முடுக்கம் −10. சமன்பாடு −10 = 5 × நேரம் − 5 × நேரம்² என்றாகும். விடை 2 விநாடி. கல் மேலே போய் மறுபடி விளிம்புக்கு வரும்வரை தனியாக, அங்கிருந்து கீழே தனியாக என்று பிரிக்க வேண்டியதே இல்லை. இடப்பெயர்ச்சி கல் போன தூரம் அல்லவே.

இதே சமன்பாட்டுக்கு −1 என்று இன்னொரு மூலமும் வரும். அதை அடித்துவிடுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள். ஒரு விநாடிக்கு முன்பே தண்ணீர் மட்டத்திலிருந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் யாரோ கல்லை மேலே எறிந்திருந்தால், அது சரியாக நாம் எறிகிற நேரத்தில், நாம் எறிகிற அதே 5 மீட்டர் வேகத்தில் கிணற்று விளிம்பைத் தாண்டியிருக்கும்.