கோக்குமாக்கா பெனால்டி அடிக்கணுமால? ரூல தெரிஞ்சிட்டு அடி

போன பொங்கல் ஃபுட்பால் டோர்னமென்ட்ல பக்கத்து ஊர்ப் பயலுவ ரெண்டு பேரு பெனால்டில ஒரு வித்தை காட்டுனானுவ. ஒருத்தன் பந்துகிட்ட ஓடி வந்தான், கோலுக்கு அடிக்கல, சைடுல ஓடியாந்த கூட்டாளிக்குத் தட்டி விட்டான், அவன் ஒரே தள்ளு, பந்து வலைக்குள்ள. ஒரே கூப்பாடு. ரெஃப்ரி விசிலடிச்சி கோல் கெடையாதுன்னுட்டாரு, எதிர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேரா கோலுக்கு அடிச்சா செல்லாது, இன்னொருத்தன் தொட்ட பொறவுதான் கோலு). அவ்வளவுதான், பெனால்டில பாஸ் குடுக்கலாமா கூடாதான்னு அரை மணி நேரம் ஆட்டம் நின்னுபோச்சி, மைக்ல இருந்த அண்ணாச்சி "பொதுமக்கள் தயவுசெஞ்சி கோட்டுக்கு வெளிய போங்க"ன்னு கத்திக் கத்தியே தொண்ட கட்டிட்டு. நான் அன்னைக்கு லைன்ல கொடி புடிச்சிட்டு நின்னேன். பாஸ் குடுத்தது தப்பே இல்ல. தட்டுன பந்து ஒரு முழம் பின்னால போச்சி, அதான் தப்பு. இத அன்னைக்கு ஒருத்தன் காதுலயும் ஏத்த முடியல, அதான் இங்கன எழுதுதேன்.

கோக்குமாக்கா அடிக்கதுக்கு முன்னால சாதாரணமா அடிக்கதுக்கு என்ன ரூல்னு பாத்துருவோம். பந்து வைக்க புள்ளி கோல் லைன்ல இருந்து 12 கஜம், கிட்டத்தட்ட 11 மீட்டர். நம்ம ஊர் கிரவுண்டுல சுண்ணாம்புப் பொடிய ஒரு கை அள்ளி வச்சிருப்பாவ, ரெண்டு மேட்ச் முடியதுக்குள்ள அந்த எடம் குழியாயிரும், அடிக்க வாரவன் குழிக்குப் பயந்து பந்த ஒரு ஜாண் தள்ளி வைப்பான். அது செல்லாது. புள்ளியோட நடுமத்தில பந்து கொஞ்சமாச்சும் படணும், இல்லன்னா அதுக்கு மேல வந்தாச்சும் நிக்கணும். பந்து அசையவும் கூடாது. ஆனி ஆடில மேல்காத்து அடிக்கும்போது கட்டாந்தரைல பந்து தானா உருளும், அந்த நேரம் ஓடி வராதிய, ரெஃப்ரிக்குக் கை காட்டிட்டுத் திரும்ப வைங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.

யாரு அடிக்கப்போறாங்கறது முன்னாலயே தெரியணும். ஒருத்தன் பந்த வச்சிட்டு நிக்க, பின்னால இருந்து இன்னொருத்தன் ஓடியாந்து அடிச்சா கீப்பர் ஏமாந்துருவான்னு ஒரு ஐடியா எல்லா டீம்லயும் ஒருத்தனுக்கு வரும். வேண்டாம். அடிச்சவனுக்கு மஞ்ச கார்டு, எதிராளிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், பெனால்டியும் போச்சி. மத்தவனெல்லாம் பாக்ஸுக்கு (கோலுக்கு முன்னால போட்டுருக்க பெரிய கட்டம்) வெளிய, பந்துக்குப் பின்னால, புள்ளில இருந்து 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும். பாக்ஸுக்கு வெளிய ஒரு அரைவட்டம் போட்டுருக்காம்லா, அது அழகுக்குப் போட்டதில்ல, அந்த 9.15 மீட்டரக் காட்டத்தான். டீமுக்கு ஏழு பேரு ஆடுத நம்ம செவன்ஸ் டோர்னமென்ட்ல கிரவுண்டு சின்னது, புள்ளிய கமிட்டி எங்க வைக்குதோ அங்கதான், அதனால மேட்ச் தொடங்கதுக்கு முன்னால கமிட்டிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

இதுல ஒரு வேடிக்க, பெனால்டிங்கற தண்டனையவே யோசிச்சது ஒரு கோல்கீப்பர். அயர்லாந்துல மில்ஃபோர்டுங்கற ஊர்க்காரர், வில்லியம் மெக்ரம்னு பேரு. 1891ல அது ரூலாச்சி. அதுக்கப்புறம் வந்த அத்தன கீப்பரும் அவரத் திட்டிருப்பானுவ.

சரி, வித்தைக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிஞ்சது பனென்கா, செக்கோஸ்லோவாக்கியா ஆளு ஒருத்தர் பேருல வந்த வித்தை. 1976 யூரோ ஃபைனல், பெல்கிரேடு, செக்கோஸ்லோவாக்கியாவும் மேற்கு ஜெர்மனியும் 2-2, ஷூட்அவுட் (மேட்ச் சமமா முடிஞ்சா ரெண்டு டீமும் மாத்தி மாத்தி பெனால்டி அடிக்கது). ஜெர்மனி ஆளு ஹோனஸ் பந்த மேல தூக்கி அடிச்சிட்டாரு, அடுத்து பனென்கா போட்டா கப்பு. மனுஷன் வேகமா ஓடியாந்து பந்துக்கு அடில மெதுவா ஒரு கிள்ளு கிள்ளுனாரு, கீப்பர் மாயர் ஒரு பக்கம் விழுந்து கெடக்காரு, பந்து நடுவுல ஆடி அசஞ்சி உள்ள போகுது. (அல்வா குடுத்தாம்னு எழுதாதிய, திருநெல்வேலிக்காரனுக்கே சலிச்சிப் போன ஜோக்கு அது.)

இதுக்கு ரூல் பிரச்சின எதுவுமே கெடையாது, அடிக்கது மட்டுந்தான் கஷ்டம். ஓடி வாரது பலமா அடிக்கப்போறவன் மாதிரியே இருக்கணும், கடைசி அடில வேகம் கொறஞ்சா கீப்பர் கண்டுபுடிச்சிருவான். கால் விரலு பந்துக்கு அடில போகணும், பட்ட ஒடனே கால நிறுத்திரணும், பின்னாலயே தூக்கிட்டுப் போனா பந்து வாய்க்காலுக்குப் போயிரும். புல்லுத் தரைல சுளுவா வரும், நம்ம செம்மண் தரைல வெரலு தரைல இடிச்சி நகம் பேந்த கத எனக்கே உண்டு. முக்கியமானது, கீப்பர் முன்கூட்டியே பாயிதவனா இருக்கணும். அவன் ஆடுன ரெண்டு மேட்ச் பாத்துட்டு அடிங்க. நின்னுக்கிட்டே பாக்கவன்கிட்ட பனென்கா போட்டா அவன் பந்தக் கைல வாங்கிட்டு சிரிப்பான். 2006 வேர்ல்டு கப் ஃபைனல்ல ஜிடான் அடிச்சது கூட மேல்கம்புல பட்டு கோட்டுக்கு உள்ள விழுந்துதான் தப்பிச்சது. ஆனா 2022 வேர்ல்டு கப்புல மொராக்கோவோட ஹக்கிமி ஸ்பெயினுக்கு எதிரா கடைசி கிக்கா இதப் போட்டு டீமையே ஜெயிக்க வச்சான்.

அடுத்தது நின்னு நின்னு ஓடி வாரது. நம்ம பயலுவ அதிகமா மாட்டுதது இதுலதான். ஓடி வரும்போது நிக்கலாம், குதிக்கலாம், நடக்கலாம், இத்தாலி ஆளு ஜோர்ஜினியோ மாதிரி ஒரு துள்ளு துள்ளலாம், எல்லாம் ஓகே. ஆனா ஓட்டம் முடிஞ்சி பந்துகிட்ட வந்து நின்னாச்சி, அதுக்கப்புறம் காலத் தூக்கி அடிக்கமாதிரி காட்டி, கீப்பர் விழுந்த பொறவு அடிக்கக் கூடாது. பிரேசில்காரங்க இத ரொம்ப நாளா செஞ்சிட்டு இருந்தாவ, 2010 வேர்ல்டு கப்புக்கு முன்னால மூடிட்டாவ. இப்ப செஞ்சா மஞ்ச கார்டு, கோல் விழுந்தாலும் செல்லாது, திருப்பி அடிக்கவும் விட மாட்டாவ, இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான். எங்க முடியுது ஓட்டம், எங்க தொடங்குது ஏமாத்துன்னு கேட்டா, ஊன்றுத காலு பந்துக்குப் பக்கத்துல வந்து பதிஞ்சிட்டா முடிஞ்சிட்டுன்னு நான் எடுத்துக்கிடுவேன். ரெஃப்ரிக்கு ரெஃப்ரி கொஞ்சம் மாறும், அதனால வெளையாட்டெல்லாம் ரெண்டு மூணு அடி முன்னாலயே முடிச்சிட்டு வாங்க.

இப்ப ரெண்டு பேர் பெனால்டி. எனக்குப் புடிச்சதே இதான். இது என்னமோ மெஸ்ஸி கண்டுபுடிச்சதுன்னு பயலுவ நெனச்சிட்டு இருக்கானுவ. 1957லயே பெல்ஜியத்துல கோப்பன்ஸ், பீட்டர்ஸ்னு ரெண்டு பேரு ஐஸ்லாந்துக்கு எதிரா இதச் செஞ்சிட்டாவ. 1982 டிசம்பர்ல அயாக்ஸுக்கு ஆடுன க்ரைஃப், ஹெல்மோண்ட் டீமுக்கு எதிரா பந்த இடது பக்கம் தட்டுனாரு, யெஸ்பர் ஓல்சன் ஓடியாந்து எடுத்தாரு, கீப்பர் ஓல்சன்கிட்ட வர, ஓல்சன் திரும்ப க்ரைஃபுக்கே குடுக்க, முன்னால யாருமே இல்ல, காலி கோலு. மெஸ்ஸி தட்டி சுவாரஸ் அடிச்சது 2016 பிப்ரவரி 14, செல்டா டீமுக்கு எதிரா, பார்சிலோனா 6-1னு ஜெயிச்ச மேட்ச். அந்தப் பாஸு தனக்கு வச்சதுன்னு நெய்மர் பின்னால சொன்னாரு, சுவாரஸ் முந்திக்கிட்டாரு, அன்னைக்கு அது அவருக்கு மூணாவது கோலு.

இத நம்ம கிரவுண்டுல செய்யணும்னா நாலு விசயம் மனசுல நிக்கணும். பந்து முன்னாலதான் போகணும், சைடுக்கு நேரா தட்டலாம்னு நெனச்சா கால் கொஞ்சம் பெசகுனாலும் பின்னால போயிரும், அதனால கோல் கம்பப் பாத்து சாய்வா ஒரு மூணு அடி தட்டுங்க. ஓடி வாரவன் பந்து ஒதைபடுததுக்கு முன்னால பாக்ஸுக்குள்ள கால் வச்சி பொறவு அடிச்சா அந்தக் கோல் நிக்காது, அதனால அவன் அரைவட்டத்து ஓரத்துல நிக்காம ரெண்டு எட்டு தள்ளி நின்னு ஓடியாந்தா வேகமும் கெடைக்கும் தப்பும் வராது. திருப்பிக் குடுக்கப்போறியன்னா முதல்ல தட்டுனவன் பந்துக்குப் பின்னாலயே நிக்கணும், ஆர்வத்துல முன்னால ஓடிட்டா ஆஃப்சைடு. நாலாவதுதான் பெரிய விசயம், தட்டுதவன் ஒரு தடவதான் தட்டலாம், வேற ஒருத்தன் மேல படுத வரைக்கும் அவன் திரும்பத் தொடவே கூடாது.

இதுல மானம் போனது ஆர்சனல்காரங்களுக்குத்தான். 2005 அக்டோபர், மான்செஸ்டர் சிட்டி மேட்ச். பிரேஸ் ஏற்கனவே ஒரு பெனால்டி போட்டுட்டாரு, ரெண்டாவது கெடச்சதும் ஆன்றிக்குத் தட்டலாம்னு வந்தாரு, ஷூவோட அடி பந்து மேல லேசா ஒரசிட்டு, பந்து நகந்த மாதிரியும் இருக்கு நகராத மாதிரியும் இருக்கு, இவரு முழிக்க, ஆன்றி முழிக்க, ரெஃப்ரி சிட்டிக்கு ஃப்ரீ கிக் குடுத்துட்டாரு. 1-0னு ஜெயிச்சதால தப்பிச்சாவ, இல்லன்னா அந்த ரெண்டு பேரையும் ஊர் வுட்டுருக்காது. இந்த வித்தைய சும்மா நெனச்ச ஒடனே செய்யாதிய, சாயங்காலம் நாலு நாள் பழகிட்டுச் செய்யுங்க.

ரெண்டு தடவ படுததுன்ன ஒடனே 2025 மார்ச் ஞாபகம் வரும். சாம்பியன்ஸ் லீக், அட்லெட்டிகோ, ரியல் மாட்ரிட், ஷூட்அவுட். அட்லெட்டிகோ ஆளு அல்வாரெஸ் ஊன்றுன கால் வழுக்கிட்டு, வலது கால்ல அடிச்ச பந்து இடது கால்லயும் ஒரசிட்டு, கோல் விழுந்தது, வி.ஏ.ஆர்ல (வீடியோ போட்டுப் பாக்க ரெஃப்ரி) பாத்து ரத்து பண்ணிட்டாவ, அட்லெட்டிகோ வெளிய. பாவம், தெரிஞ்சா செஞ்சான். அதுக்கப்புறம் அதே வருஷம் ரூலத் தெளிவாக்கிட்டாவ: தெரியாம ரெண்டு கால்லயும் பட்டு கோல் விழுந்தா திருப்பி அடிக்க விடணும். கோல் விழாட்டி மேட்ச்ல இன்டைரக்ட் ஃப்ரீ கிக், ஷூட்அவுட்ல மிஸ்ஸுன்னு கணக்கு. வேணும்னு ரெண்டு தடவ தொட்டா பழைய தண்டனதான். நம்ம பக்கம் நெறைய ரெஃப்ரிக்கு இந்த மாத்தம் இன்னும் வந்து சேரல, சண்ட போடாம பைய எடுத்துச் சொல்லுங்க.

இன்னும் ரெண்டு ரகம் இருக்கு. 2010ல ஸ்பெயின் அண்டர்-19 பையன் கால்வென்ட்டே, இத்தாலிக்கு எதிரா வலது கால வீசுத மாதிரி வீசி, ஊன்றுன இடது காலாலயே பந்த அடிச்சான், கீப்பர் எதிர்ப் பக்கம் போயிட்டான். நிறுத்தாம ஒரே ஓட்டத்துல செஞ்சதால கோல் நின்னது. நான் முயற்சி பண்ணிப் பாத்தேன், மண்ணக் கவ்வுனேன். அப்புறம் குதிகால் பெனால்டி. பந்து முன்னால போனா குதிகால்ல அடிக்கலாம்னு ரூல்லயே இருக்கு. 2011ல ஐக்கிய அரபு அமீரகத்துப் பையன் தியாப் அவானா லெபனானுக்கு எதிரா கடைசி நொடில திரும்பிக் குதிகால்ல தட்டி கோல் போட்டான், எதிராளிய மதிக்கலன்னு அவன் டீம்லயே கோவப்பட்டாவ. அந்தப் பையன் அதே வருஷம் செப்டம்பர்ல கார் ஆக்சிடென்ட்ல செத்துப் போனான், 21 வயசு.

கீப்பர்மாருக்கும் சொல்லணும்லா. பந்து ஒதைபடும்போது உங்க ஒரு காலோட ஒரு பகுதியாச்சும் கோட்டு மேல, கோட்டுக்கு நேரா, இல்ல கோட்டுக்குப் பின்னால இருக்கணும். கோட்டு மேல அங்கிட்டும் இங்கிட்டும் ஆடலாம். கம்பத்த, வலையத் தொட்டு ஆட்டிட்டு நிக்கக் கூடாது, நம்ம சவுக்குக் கம்பு அதுலயே சாஞ்சிரும். 2022 வேர்ல்டு கப் ஃபைனல்ல அர்ஜென்டினா கீப்பர் மார்ட்டினெஸ் பந்தத் தூக்கி எறிஞ்சி அடிக்க வந்தவன வெறுப்பேத்துனதப் பாத்துருப்பிய, அடுத்த வருஷமே அடிக்கவன் கவனத்தக் கலைக்கக் கூடாதுன்னு ரூல்ல சேத்துட்டாவ. முன்னால வந்து புடிச்சா திருப்பி அடிக்கணும். முதல் தடவ எச்சரிக்க, மறுபடியும் செஞ்சா மஞ்ச கார்டு.

பந்து புடிச்சிட்டோம்னு ஒடனே ஆடவும் செய்யாதிய. 2010ல மொராக்கோல அஸ்க்ரின்னு ஒரு கீப்பர் ஷூட்அவுட்ல பந்தத் தடுத்துட்டு நெஞ்சத் தட்டிக்கிட்டுக் கூட்டத்தப் பாத்துத் திரும்புதான், பின்னால பந்து சுழண்டு சுழண்டு உள்ள போயிட்டு, கோலு. ஷூட்அவுட்ல பந்து ஓஞ்சி நிக்க வரைக்கும் கிக் முடியல, கம்பத்துல பட்டு கீப்பர் முதுகுல பட்டு உள்ள போனாலும் கணக்குதான், 1986ல பிரேசிலுக்கு எதிரா பிரான்ஸோட பெலோன் அடிச்சது அப்படித்தான் விழுந்தது. ஆனா அடிச்சவன் ஷூட்அவுட்ல திரும்ப அடிக்க முடியாது. மேட்ச்ல கீப்பர் மேல பட்டு வந்தா அவனே அடிக்கலாம், வெறுங் கம்பத்துல பட்டு வந்தா அவன் தொடக் கூடாது, வேற ஆளு அடிக்கலாம்.

கடைசியா நம்ம ஊருக்குன்னே ரெண்டு ரூல் இருக்கு. அடிச்ச பந்து போகுத வழில யார் மேலயும் கம்பத்துலயும் படுததுக்கு முன்னால உடமுள்ளு குத்தி புஸ்ஸுன்னு போயிட்டுன்னா, வேற பந்து வச்சி திருப்பி அடிக்கணும். ஆடு குறுக்க வந்து பந்து அது மேல பட்டு நின்னாலும் திருப்பித்தான் அடிக்கணும், ஆனா ஆட்டு மேல பட்டும் பந்து உள்ளயே போயி, கீப்பருக்கு அதனால எடஞ்சல் ஒண்ணும் இல்லன்னா கோலு. ஒருக்க எங்க கிரவுண்டுல இதே மாதிரி ஆடு தடுத்துட்டு, திருப்பி அடிக்கச் சொன்னேன், பய ரெண்டாவத வெளிய அடிச்சிட்டு இன்னைக்கு வரைக்கும் ஆட்டுக்காரப் பாட்டிகிட்ட பேசுததில்ல.