நிறுவன நன்கொடைக்கு உள்ளூர்ச் சங்கத்தைத் தெரிவு செய்யும்போது மலையக ஊழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தலைமை அலுவலகத்தைக் கொண்ட நிறுவனங்கள் சில, சமூகப் பணிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைக் கிளை ஊழியர்களின் தெரிவுக்கே விட்டுவிடுகின்றன. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, மாத்தளை போன்ற நகரங்களில் ஆறேழு ஊழியர்கள் குழுவாகக் கூடி, தம் பகுதியில் எந்தச் சங்கத்துக்கு, எந்த இல்லத்துக்கு, எந்தப் பாடசாலைக்கு இவ்வருடப் பணம் போக வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். இடத்தையும் மனிதரையும் அறிந்தவர்கள் தீர்மானிப்பதால் இது நல்ல ஏற்பாடு. ஆனால், எல்லாம் தெரியும் என்ற நினைப்பினாலேயே வரும் தவறுகளும் உண்டு. அத்தகைய குழுவொன்றில் சில ஆண்டுகளாக இருந்து வருபவன் என்ற முறையில், நாங்கள் செய்த பிழைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

அவற்றில் மிகப் பெரியது, பிரதான வீதியிலிருந்து கண்ணில் படுவதை மட்டும் தெரிவு செய்வது. ஒரு வருடத் தொடக்கத்தில், வீதியோரத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அப்பியாசக் கொப்பிப் பொதிகளைக் கொண்டு போனோம். அதிபர் முகம் மலர வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய பிறகு, பொதிகளை வைப்பதற்காக அலுமாரியைத் திறந்தார். அதற்குள் வேறு மூன்று நிறுவனங்களின் பெயர் அச்சிட்ட கொப்பிகள் கட்டுப் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. நாங்கள் பார்த்துவிட்டதை உணர்ந்த அவர், சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கொப்பி வருது சேர். பொம்பிளப் பிள்ளைகள்ட மலசலகூடத்துக்குத்தான் கதவு இல்ல. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சில நாள் வாறதே இல்ல." பாடநூலையும் சீருடையையும் அரசாங்கமே இலவசமாகத் தருகிற நாட்டில், கொப்பியைத் தவிர வேறு என்ன தேவை என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே பாதையில் மூன்று கட்டை மேலே, முச்சக்கர வண்டிக்காரரும் ஏற மறுக்கும் பாதையின் முடிவில், மேல் டிவிஷன் (தோட்டத்தின் மேற்பிரிவு) பாடசாலை ஒன்று இருந்ததும், அங்கே கொப்பிகூடப் போய்ச் சேரவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. தெரிவுக்கு முன்னரே குழுவில் இருவராவது ஒரு முறை நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியை அதன் பிறகே ஏற்படுத்திக்கொண்டோம்.

இரண்டாவது தவறு, விண்ணப்பத்தின் அழகைப் பார்த்துத் தெரிவு செய்வது. தலைமை அலுவலகத்திலிருந்து வரும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். சங்கத்தின் யாப்பு (அமைப்பு விதிகள்), மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கை, இணையத்தள முகவரி என்று கேட்கும். நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் உண்மையாகவே ஒருவருக்கொருவர் கை கொடுப்பவை, மரணச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கங்களும், மாதர் சங்கங்களும், இளைஞர் கழகங்களும், பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும்தான். இவற்றில் பலவற்றுக்கு ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகமும் ஒரு வங்கிப் புத்தகமுமே சொத்து.

உயர்தரம் முடித்த இரண்டு யுவதிகள், பாவனையில் இல்லாத பழைய பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) மாலை வகுப்பு நடத்துவதாகக் கொப்பித் தாளில் கைப்படத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் அதை "முழுமையற்றது" என்று ஒதுக்கிவிட்டோம். அடுத்த வருடமும் அதே கையெழுத்தில் கடிதம் வந்தபோது வெட்கமாகிவிட்டது. எங்களில் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்ட வரவுப் பதிவேட்டை அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு நாளும் வந்த பிள்ளைகளின் பெயர்களும், சில நாட்களில் பெயர்களுக்குப் பதிலாக "மழை, கூரை ஒழுக்கு, வகுப்பில்லை" என்ற குறிப்பும் அதில் இருந்தன. எந்தக் கணக்காய்வு அறிக்கையும் அந்தப் பதிவேட்டைவிடத் தெளிவாக ஒரு சேவையை எனக்குக் காட்டியதில்லை. படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தரும்படி தலைமை அலுவலகத்திடம் கேளுங்கள். கிடைக்கும் வரை குழுவே மொழிபெயர்ப்பு வேலையைச் செய்யட்டும்.

இதன் மறுபக்கத் தவறு, "நம்ம ஆள்தான்" என்று எதையும் விசாரிக்காமல் கொடுப்பது. நம் நாட்டில் தொண்டு அமைப்பு என்பது ஒரே சட்டத்தின் கீழ் வருவதன்று. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்வதற்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ச் சில இருக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பெனிகளாகச் சில இருக்கும். சிறிய சங்கங்கள் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கும். சிறுவர் இல்லமானால், மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் பதிவைக் கேட்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. எனினும் பதிவுச் சான்றிதழ் ஒன்றே போதாது. வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, கையொப்பமிடும் இருவரும் ஒரே குடும்பத்தவர்களா, கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் தடுமாற்றமில்லாமல் பதில் வந்தால் பாதி ஐயம் தீர்ந்துவிடும். தனி நபரின் பெயருக்குக் காசோலை எழுதவே வேண்டாம். கணக்கு இல்லாத சிறு குழுவானால், பொருள் வாங்கும் கடைக்கே பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

குழு உறுப்பினர் ஒருவர் தாம் பரிபாலன சபையில் இருக்கும் கோவிலையோ, தம் மனைவி கற்பிக்கும் முன்பள்ளியையோ பரிந்துரைப்பது குற்றமாகாது; அதை மறைப்பதுதான் குற்றம். தொடர்பை எழுத்தில் சொல்லிவிட்டு, அந்த விண்ணப்பம் பேசப்படும்போது அவர் வெளியே இருக்கட்டும். தோட்டங்களில் தொழிற்சங்கப் பிரிவினையையும் மறக்கக் கூடாது. ஒரு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் ஊடாக மட்டும் உதவி போனால், மற்றச் சங்கக் குடும்பங்கள் அது தமக்கில்லை என்று ஒதுங்கிவிடும். எல்லாத் தலைவர்களுக்கும் ஒரே நாளில் அறிவிப்பதற்கு ஒரு மணி நேரம்தான் கூடுதலாகச் செலவாகும்.

கட்டடம், தண்ணீர்த் தாங்கி, விளையாட்டுத் திடல் என்று நிலத்தோடு சம்பந்தப்பட்ட கோரிக்கை வந்தால் மிகுந்த கவனம் தேவை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், நிலம் அரசுக்குரியதாகவே இருந்தது. கம்பெனிகளுக்குக் கிடைத்தது குத்தகை. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் மக்களுக்கு, தாம் நிற்கும் மண்ணில் ஒரு சுவரை எழுப்பவும் அனுமதி வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்பது வேறு விடயம். ஆனால் அதை மறந்து பணம் கொடுத்தால், பாதியில் நிற்கும் சுவரே மிஞ்சும். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல சம்மதம் கைக்கு வந்த பிறகே தொகையை விடுவியுங்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே கேளுங்கள். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்ய அச்சபைகளுக்குச் சட்டம் தடையாக இருந்தது. இப்போது அந்த வழி திறந்திருப்பதால், பிரதேச சபையிடமிருந்து ஒரு கடிதம் பெற முயல்வது வீண்போகாது.

அனர்த்தக் காலத்தில் அவசரப்படுவது மனித இயல்பு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண் சரிந்தபோது, முதல் வாரங்களில் உடுதுணியும் உலர் உணவும் குவிந்த முகாம்களைப் பலரும் பார்த்திருப்போம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்ட பிறகு, தப்பியவர்கள் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஆகவே வருடத் தொகை முழுவதையும் முதல் பதினைந்து நாளில் முடித்துவிடாமல், ஒரு பங்கை ஆறு மாதத்துக்குப் பிறகான தேவைக்கு வைத்திருங்கள்: பிள்ளைகளின் பேருந்துக் கட்டணம், தொலைந்த ஆவணங்களைப் பெற அலையும் செலவு, தற்காலிகக் கூரை. வீடு திருத்தக் கொடுப்பதானால், அந்த இடம் குறித்து, மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ன சொல்லியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். அபாயமான சரிவில் நிற்கும் சுவருக்குச் சீமெந்து வாங்கிக் கொடுப்பது, அந்தக் குடும்பத்தை அங்கேயே கட்டிப்போடுவதாகிவிடும்.

கையளிப்பு வைபவம் குறித்து எனக்குக் கடுமையான கருத்துண்டு. வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைபவம் வைத்தால், பிள்ளையோடு வரும் தாய்க்கு அன்றைய பேர், அதாவது அந்த நாளின் வேலைப் பதிவு, போய்விடும். ஐந்நூறு ரூபா பெறுமதியான பொதிக்காக அவர் ஒரு நாட் சம்பளத்தை இழப்பதை எங்கள் வைபவத்திலேயே கண்டேன். கொழுந்துக் கூடையை மண்டபத்துக்கு வெளியே சாத்திவிட்டு, மலைக்குப் போகப் பிந்துகிறதே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு தாய். உள்ளே எங்கள் அதிகாரி உரையாற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், அல்லது வைபவமே வேண்டாம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து முகநூலில் இடுவதும் வேண்டாம். குறிப்பாகச் சிறுவர் இல்லப் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். "அநாதை" என்ற தலைப்போடு வரும் படம் அந்தப் பிள்ளையைப் பாடசாலையில் பல வருடம் துரத்தும்.

வாக்கெடுப்பு மூலம் தெரிவு நடக்கும் நிறுவனங்களில், கிளைவாரியாகத் தொகையைப் பிரித்துவிட்டே வாக்கெடுங்கள். இல்லையேல் ஆட்கள் அதிகமுள்ள கொழும்புக் கிளையின் தெரிவே ஒவ்வொரு வருடமும் வெல்லும். வரிச் சலுகையை நம்பித் தெரிவு செய்வதும் சரியன்று: 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற அமைப்புகள் எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட தரும ஸ்தாபனங்கள் ஆகிவிடுவதில்லை. அதைக் கணக்குப் பகுதியினர் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, தெரிவாகாதவர்களுக்குப் பதில் எழுதாமல் விடுவது. நாங்கள் பல வருடங்களாகச் செய்த தவறு இது. விண்ணப்பம் எழுதிய சங்கச் செயலாளர் மாதக்கணக்கில் காத்திருப்பார்; உறுப்பினர்கள் கேட்கும்போது, பணம் வந்து அவர் மறைத்துவிட்டாரோ என்ற பேச்சும் கிளம்பும். ஒரு செயலாளர் நேரில் வந்து, "கிடைக்கல்லன்னு ஒரு கடதாசி மட்டும் தாங்க சேர், கூட்டத்துல வாசிக்கணும்" என்று கேட்டபோதுதான் அதன் பாரம் புரிந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம் போகிறது: என்ன காரணத்தால் இம்முறை இயலவில்லை, எந்த ஆவணம் குறைந்தது, அடுத்த விண்ணப்பம் எந்த மாதத்தில், யாரிடம் கேட்க வேண்டும். கடிதத்தின் கீழே குழுவில் ஒருவர் பெயரெழுதிக் கையொப்பமிடுகிறார்.