லீவர் ரைபிள் வாங்கும் முன்: கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள்

லீவர் ரைபிள் (விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கி) வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "வின்செஸ்டரா, மார்லினா, ஹென்றியா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்தத் துப்பாக்கியோடு நீங்கள் கழிக்கப்போகும் நேரத்தில் சுடுவது கொஞ்சம்தான். தோட்டா போடுவது, எடுப்பது, துடைப்பது, தூக்கிக்கொண்டு நடப்பது இதெல்லாம்தான் அதிகம். ஒப்பிட வேண்டியதும் அங்கேதான். லைசென்ஸ், உங்கள் நாட்டில் எந்தக் காலிபருக்கு (தோட்டா அளவுக்கு) அனுமதி என்பதெல்லாம் முன்கூட்டியே தெளிவாகியிருக்க வேண்டும், அது இல்லாமல் மீதி எல்லாம் வெட்டிப் பேச்சு.

சரி, முதலில் தோட்டா. காகிதத்தில் துளை போட்டுப் பழகத்தான் என்றால் .22 போதும், தோட்டா மலிவு, உதை (சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளுவது) என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. .357 மேக்னம் ரைபிளில் .38 ஸ்பெஷலும் போட்டுச் சுடலாம், பழக்கத்துக்கு அது, தேவைப்படும்போது இது என்று ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலை (.38-க்கென்றே செய்த துப்பாக்கியில் .357 போடுவது மட்டும் கூடவே கூடாது). மான் வேட்டைக்கு 1895-லிருந்து இருக்கும் .30-30 இன்னும் சலிக்கவில்லை, சாதாரணமாக 150 மீட்டர் வரை கவலையில்லாமல் நம்பலாம். .45-70 பெரிய மிருகங்களுக்கானது. 1873-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா அது, அதனால் பழைய துப்பாக்கிகள் தாங்கும் மெதுவான வகையும் புதிய துப்பாக்கிகள் மட்டுமே தாங்கும் மூர்க்கமான வகையும் ஒரே பெயரில் விற்கின்றன. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போட்டால் ஆபத்து. தோளுக்கும் அது கருணை காட்டாது.

இங்கே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். பெரும்பாலான லீவர் ரைபிள்களில் மேகசின், அதாவது தோட்டாக்கள் காத்திருக்கும் இடம், குழலுக்கு அடியில் ஓடும் நீளமான டியூப். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை (அடித்தால் தீப்பிடித்து மருந்தை எரியவைக்கும் பின்புறப் பொட்டை) தொட்டுக்கொண்டிருக்கும். கூர்மூக்குத் தோட்டா போட்டால், உதையின் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அதனால்தான் தட்டை மூக்கு, அல்லது இதற்கென்றே மென்மையான பிளாஸ்டிக் நுனி வைத்தவை. கூர்மூக்குதான் வேண்டும், தூரமாகச் சுட வேண்டும் என்றால் பெட்டி மேகசின் வைத்த பிரௌனிங் பி.எல்.ஆர். பக்கம் போங்கள். பழசில் தேடத் தயாரென்றால் சாவேஜ் 99-ம் உண்டு, அதில் சுழலும் மேகசின். இரண்டுமே பார்வைக்குக் கௌபாய் துப்பாக்கி மாதிரி இருக்காது, அது உங்களுக்கு முக்கியமா இல்லையா என்பதை மனசாட்சியோடு முடிவு செய்யுங்கள். பாதிப் பேர் இதை வாங்குவதே அந்தத் தோற்றத்துக்காகத்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாவின் காலிக் கூடு எந்தப் பக்கம் வெளியே போகிறது? ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892, 1894 இரண்டும் கூட்டை மேலே எறியும். அழகான, மெலிந்த துப்பாக்கிகள், ஆனால் நேர் மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்தால் கூடு அதில் போய் முட்டும். 1980-களில் 94-ஐ மாற்றி, கூடு சாய்வாகப் போகும்படி செய்ததே இதற்காகத்தான். மார்லின் 336-ல் மேல்பாகம் மூடியிருக்கும், கூடு பக்கவாட்டில் போகும், ஸ்கோப் வைக்க வம்பே இல்லை. வயதாகிக் கண் மங்கியவர்களுக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். சுத்தம் செய்வதிலும் மார்லினுக்கு ஒரு மதிப்பெண் கூட: லீவரில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் துண்டும்) வெளியே வந்துவிடும், குழலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம். 92, 94 போன்றவற்றில் வாய்ப்பக்கமிருந்துதான் கம்பியை விட வேண்டும், கவனமில்லாமல் விட்டால் வாய் விளிம்பு தேய்ந்து குறி கெடும்.

தோட்டா போடுவதில் இரண்டு கட்சி. பக்கத்துக் கதவு வழியாகத் தள்ளுவது ஒன்று, சுட்ட இரண்டை உடனே நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் காலி செய்ய ஒவ்வொரு தோட்டாவையும் லீவர் போட்டு வெளியே எடுக்க வேண்டும். ஹென்றியின் வழி வேறு: உள் டியூப்பை வெளியே இழுத்துத் தோட்டாக்களைக் கொட்டிவிடலாம், அப்புறம் சேம்பரில் (குழலின் பின்முனையில், சுடும் தோட்டா உட்காரும் இடத்தில்) ஒன்று தங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். சமீப ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்த மாடல்களும் வந்துவிட்டன, நான் தேர்ந்தெடுப்பதானால் அதைத்தான். ஒரு சின்னத் தகவல், இன்றைய ஹென்றி கம்பெனி 1990-களில் தொடங்கியது. 1860 ஹென்றி ரைபிளின் பெயர் இருக்கிறதே தவிர அந்தப் பரம்பரை இல்லை. அதனால் துப்பாக்கி மோசம் என்று அர்த்தமில்லை, வரலாற்றை வாங்குகிறேன் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எடையைக் காகிதத்தில் படித்து ஏமாறாதீர்கள். குட்டைக் குழல் வைத்த 92 வகை இரண்டேகால் கிலோவில் கிடைக்கும், பித்தளை உடம்போடு எண்கோணக் குழல் வைத்தவை நான்கு கிலோவை நெருங்கும். முதல் வகையை நாள் முழுக்கத் தூக்கலாம், இரண்டாவது உதையை விழுங்கும்.

இனி கடையில். விற்பவரிடம் கேட்டு, துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, டம்மி (மருந்தில்லாத போலி) தோட்டாக்கள் போட்டு லீவரை ஓட்டிப் பாருங்கள். மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை, தோளில் வைத்தபடி ஒருமுறை. லீவர் துப்பாக்கிகளுக்குத் தோட்டாவின் நீளமும் மூக்கு வடிவமும் பிடிக்காவிட்டால் சண்டித்தனம் செய்யும், அதனால் நீங்கள் சுடப்போகும் அதே நீளத்து டம்மி வேண்டும். ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) மெதுவாக இறக்கிப் பழகுங்கள். பழைய மாடல்களில் அரை-காக் (ஹேமரைப் பாதி தூரம் இழுத்து நிறுத்தும் நிலை) தவிர வேறு பாதுகாப்பு கிடையாது, விரல் வழுக்கினால் போச்சு. குளிரில் கையுறை போட்டுச் சுடுபவர் என்றால் லீவர் வளையத்துக்குள் கையுறையோடு விரல்களை நுழைத்துப் பாருங்கள்.

பழசு வாங்குபவர்களுக்கு மட்டும்: 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் 94-க்கு அதிக விலை கேட்பார்கள், காரணமில்லாமல் இல்லை, அந்த ஆண்டு செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள். மார்லின் கைமாறிக் கைமாறி 2020-ல் ரூகர் என்ற துப்பாக்கிக் கம்பெனியிடம் வந்தது, ஆக யார் காலத்தில் செய்தது என்று கேளுங்கள். ஸ்க்ரூ தலைகள் பிய்ந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றியிருக்கிறார்கள். மரம் இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அப்படியே குழலுக்குள்ளும்.